ஆட்டிசம் உள்ளவர்களின் உரிமை இயக்கம் எப்படித் தொடங்கியது? அது நன்றாகப் பேச முடிகிறவர்களுக்கு மட்டுமானதா?

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. என் தம்பிக்கு 31 வயது. பேசமாட்டான். 'நியூரோடைவர்சிட்டி', அதாவது நரம்பியல் பன்மை என்ற சொல்லை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். ஆட்டிசம் நோயல்ல, மூளை இயங்கும் விதத்தில் ஒரு வேறுபாடு என்று பக்கம் பக்கமாக எழுத முடிகிறவருக்கு, என் தம்பி தூங்காத இரவுகளைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்த எரிச்சலில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943-ல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கேனர், ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். மறு வருடம் வியன்னாவில் மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார். அப்புறம் வெகுகாலம் பழி முழுவதும் அம்மாக்கள் தலையில் விழுந்தது. பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று நிபுணர்களே சொன்னார்கள். புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். எதிர்த்து நின்றவர்கள் பெற்றோர்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லேண்ட், இதன் வேர் உடம்பில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று 1964-ல் வாதிட்டார். அடுத்த வருடமே அங்கே பெற்றோர் சங்கம் உருவானது. தங்களைப் பற்றி மற்றவர்கள் சொன்ன பொய்யை மறுத்து எழுந்தவர்கள்தான் அந்தப் பெற்றோர்கள். ஆனால் அதற்குப் பிறகு பல வருடங்கள் மேடையில் அவர்களும் நிபுணர்களும் மட்டுமே இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, மாநாட்டு அரங்கில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தது யார் கண்ணிலும் படவில்லை.

ஆட்டிசம் உள்ளவர்களான டெம்பிள் கிராண்டின் 1986-லும் டோனா வில்லியம்ஸ் 1992-லும் தங்கள் வாழ்க்கையை எழுதியபோது மக்கள் ஆர்வமாகப் படித்தார்கள். ஆனால் விதிவிலக்கு என்று ஒதுக்கியும் வைத்தார்கள்.

இயக்கம் என்று சொல்லத்தக்கது 1992-ல் தொடங்கியது. ஜிம் சின்க்ளேர், டோனா வில்லியம்ஸ், கேத்தி லிஸ்னர் மூவரும் சேர்ந்து ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமைப்பு. சின்க்ளேரைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். 12 வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. "நன்றாகப் பேசுகிறவர்கள் தொடங்கியது" என்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

1993-ல் டொராண்டோவில் நடந்த மாநாட்டில், பெற்றோர்களை நேராகப் பார்த்து அவர் வைத்த வாதம் 'எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள்' என்ற கட்டுரையாக வந்தது. உங்கள் துக்கம் உண்மைதான், நீங்கள் எதிர்பார்த்திருந்த பிள்ளை வரவில்லை, அதற்காக அழுங்கள் என்கிறார். ஆனால் அது பிறக்கவே செய்யாத ஒரு பிள்ளைக்கான அழுகை, வந்து நிற்கிற பிள்ளையின் தலையில் அதை இறக்காதீர்கள் என்கிறார். ஆட்டிசம் என்ற கூட்டை உடைத்தால் உள்ளே ஒரு 'சாதாரண' குழந்தை ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடச் சொல்கிறார்.

இதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். "அழக்கூடாதுன்னு சொல்ல இவர் யாரு?" என்று கோபமாக எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வந்து கேட்டார்: "அவருக்கு எந்த வயசுல பேச்சு வந்ததுன்னு சொன்னே?" கட்டுரையின் மொத்த வாதத்துக்கும் நேர் எதிரான கேள்வி. எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

1996 முதல் அந்த அமைப்பு ஆட்ரீட் என்ற முகாமை நடத்தியது. சில நாட்கள் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்கு ஏற்ற இடத்தில் கூடியிருப்பார்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வரக்கூடாது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக்கூடாது. நிற அட்டைகளும் உண்டு. சிவப்பு என்றால் என்னிடம் பேச வராதீர்கள். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் வரலாம். பச்சை என்றால் எனக்குப் பேச ஆசை, ஆனால் தொடங்க வராது, நீங்களே வாருங்கள். இந்தப் பச்சையை யோசித்தவர் யாரோ, அவரை நான் கும்பிடுவேன். ஆட்டிசம் என்றால் தனிமை விரும்பிகள் என்ற எண்ணத்தை அந்த ஒரு அட்டை காலி செய்துவிடுகிறது.

தம்பிக்கும் சிவப்பிலும் பச்சையிலும் அட்டை வெட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு மாலை வீடு நிறைய ஆட்கள் வந்திருந்தபோது, பல் தடம் பதிந்த சிவப்பு அட்டையை என் மடியில் போட்டுவிட்டு அறைக்குள் போனான். முன்பெல்லாம் அப்படிப்பட்ட மாலைகள் சுவரில் தலையை மோதிக்கொள்வதில்தான் முடியும்.

சரி, பெயருக்கு வருவோம். 'நியூரோடைவர்சிட்டி' யார் உருவாக்கிய சொல்? ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் 1998-ல் தன் ஆய்வேட்டில் பயன்படுத்தினார். அதே வருடம் ஹார்வி புளூம் அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதினார். வெகுநாள் சிங்கரின் பெயரே சொல்லப்பட்டுவந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் கூடிப் பேசிய இடங்களில், 1996 முதலே இந்தக் கருத்து புழங்கியது, இது பலர் சேர்ந்து உருவாக்கியது என்று 2024-ல் ஆய்வாளர்கள் சிலர் திருத்தம் எழுதினார்கள். அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆட்டிசத்துக்குத் தமிழில் நமக்கு இருக்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லை அந்த மதிக்குச் சொந்தக்காரர்கள் யாரிடமாவது கேட்டு வைத்திருப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

என்னை உண்மையில் மாற்றியது கைகள் பற்றிய விவாதம், அதாவது ஆட்டிசம் உள்ளவர்கள் கைகளை உதறுவதைத் தடுக்க வேண்டுமா என்பது. கலிபோர்னியாவில் உளவியலாளர் ஐவர் லோவாஸ் உருவாக்கிய பயிற்சிமுறையின் நோக்கம், மற்ற பிள்ளைகளிலிருந்து பிரித்தறிய முடியாதபடி பிள்ளையை மாற்றுவது. 1960-களில் அவர் மின்அதிர்ச்சி கூடக் கொடுத்தார். 1987-ல் வெளியான அவருடைய ஆய்வில், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் 'இயல்பு நிலை' அடைந்ததாகச் சொல்லப்பட்டது. பெற்றோருக்கு அந்த 9 என்ற எண் எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பி சிறுவனாக இருந்தபோது போன ஒரு பயிற்சி மையத்தில், அவன் கைகளை உதறும்போதெல்லாம் மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பார்கள். நாங்களும் வீட்டில் அப்படியே செய்தோம். நானும் பிடித்திருக்கிறேன். ஆட்டிசம் உள்ள, தட்டச்சு வழியாகப் பேசும் மெல் பேக்ஸ் என்பவர் 2007-ல் வெளியிட்ட வீடியோவைப் பிற்பாடு பார்த்தபோதுதான் அது உறைத்தது. முதல் சில நிமிடங்களுக்கு ஒரு சொல்லும் கிடையாது. முனகல், கை உதறல், ஓடும் குழாய்த் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருப்பது. அப்புறம் அவர் தட்டச்சு செய்ததைக் கணினிக் குரல் வாசிக்கிறது. நான் செய்ததெல்லாம் என்னைச் சுற்றியிருப்பவற்றோடு நடத்திய உரையாடல், உங்கள் மொழியை நான் கற்காவிட்டால் குறை என் மேல், என் மொழியை நீங்கள் கற்காவிட்டால் மட்டும் அது குறையாகாதா என்கிற அர்த்தத்தில் போகிறது. அந்தக் கைகளின் அசைவு அப்படியே தம்பியுடையது.

கனடாவில் இதே பயிற்சிக்கு அரசு பணம் தர வேண்டும் என்று பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். மிஷெல் டாசன் என்பவர் உச்ச நீதிமன்றத்தில் குறுக்கிட்டு, அதை எதிர்த்து வாதம் வைத்தார். தபால் துறையில் வேலை பார்த்தவர், ஆட்டிசம் உள்ளவர். 2004-ல் பெற்றோர் தரப்பு தோற்றது. தீர்ப்பு வேறு சட்டக் காரணத்தில் வந்தது என்றாலும், அப்படிப்பட்ட வழக்கில் ஆட்டிசம் உள்ள ஒருவரின் வாதமும் பதிவில் ஏறியது.

2006-ல் ஆரி நீமன், ஸ்காட் ராபர்ட்சன் இருவரும் ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்கை, அதாவது ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் அமைப்பைத் தொடங்கினார்கள். எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது நாங்களும் இருக்க வேண்டும் என்பதே முழக்கம். மறு வருடம் டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மனநல மையம், கடத்தல்காரன் எழுதும் மிரட்டல் கடிதம் மாதிரி விளம்பரங்களை நகரில் வைத்தது. 'உங்கள் மகன் எங்கள் வசம்' என்று தொடங்கி, கீழே 'ஆட்டிசம்' என்று கையொப்பம். நீமன் அப்போது சுமார் 20 வயது கல்லூரி மாணவர். பல மாற்றுத்திறனாளி அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு எதிர்ப்புக் கிளப்பினார். சில வாரங்களுக்குள் விளம்பரம் வாபஸ். 2010-ல் அவர் அமெரிக்க அரசின் தேசிய மாற்றுத்திறனாளிகள் கவுன்சிலில் உறுப்பினர் ஆனார்.

எல்லாம் வெற்றி இல்லை. மாசச்சூசெட்ஸில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையத்தில், தங்கியிருப்பவர்களின் நடத்தையை 'திருத்த' உடம்பில் மாட்டிய கருவியால் மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். 2020-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தக் கருவியைத் தடை செய்தது. 2021-ல் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. இந்தக் கருவிக்கு எதிராக வருடக்கணக்கில் போராடியவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். யாருக்காகப் போராடினார்கள்? என் தம்பி மாதிரி ஆட்களுக்காக. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதிலில் பெரும்பகுதி இதுதான்.

மிச்சப் பகுதி அவ்வளவு சுலபமில்லை. 24 மணி நேரமும் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய, பேச்சு மிகக் குறைவான அல்லது அறிவுத்திறன் மிகக் குறைந்தவர்களுக்கு 'தீவிர ஆட்டிசம்' என்ற தனிப் பெயர் வேண்டும் என்று 2021-ல் லான்செட் இதழின் குழு ஒன்று பரிந்துரைத்தது. தம்பி அந்த வரையறைக்குள் வருகிறான். இயக்கத்தில் பலர் எதிர்த்தார்கள். தனிப் பெட்டியில் போட்டு மூடினால் அவர்களுக்காக நாங்கள் பேசுவதையும் தடுத்துவிடுவீர்கள் என்றார்கள். எனக்கோ அந்தப் பெயரால் அவனுக்குக் கூடுதல் உதவி கிடைக்கும் என்றால் வாங்கிக்கொள்ளலாம் என்று சில நாள் தோன்றும். எங்களுக்கு வயதான பிறகு அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு இந்த இயக்கத்தின் எழுத்துகளில் நான் தேடிய அளவு பதில் கிடைக்கவில்லை. வீட்டிலேயே, சமூகத்தோடு வாழ அரசு உதவி வேண்டும் என்று கேட்கிறார்கள், சரிதான். ஆனால் இரவு மூன்று மணி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களாகவே இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் தம்பிக்குப் புதிய பயிற்சியாளர் ஒருவர் வருகிறார். கேட்க வேண்டிய கேள்விகளை அம்மா ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வி: "கையை உதறினால் என்ன செய்வீர்கள்?"