காணிக்கைக் காசும் 119-ஆம் சங்கீதமும்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகன், சண்டே ஸ்கூலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எட்டு வாரமாக கிரிக்கெட் ஆடியிருக்கிறான். வாராவாரம் காணிக்கைக்குக் கொடுத்த இருபது ரூபாயில் சர்பத் குடித்திருக்கிறான். விஷயம் தெரிந்ததும் அவன் அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டு, 119-ஆம் சங்கீதம் முழுவதையும் எழுதச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் பாதியை நானே எழுதிக் கொடுத்தேன். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று வேதமே சொல்கிறதாம். அப்படியானால் என் மகனை நான் பகைக்கிறேனா?
- ஒரு தாய், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தச் சங்கீதத்தில் 176 வசனம். பாதி என்றால் 88. கை வலித்திருக்கும்! பகைக்கிறவர் யாரும் இவ்வளவு எழுத மாட்டார். ஆனால் அப்பாவை ஏமாற்ற அம்மாவே கூட்டு என்பதைத்தான் பையன் அன்று படித்திருப்பான். முதலில் அவன் செய்த தப்பும் அந்த வகைதானே?

உங்கள் கணவர் சொன்ன வசனம் நீதிமொழிகள் 13:24. அந்தக் காலத்தில் பிரம்பு என்றால் அடிதான், அதை மழுப்ப வேண்டாம். ஆனால் அங்கே 'பிரம்பு' என்று இருக்கும் அதே எபிரெயச் சொல்தான் 23-ஆம் சங்கீதத்தில் 'கோல்' என்று வருகிறது. "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." அப்பாவின் பெல்ட்டைப் பார்த்து உங்கள் மகன் தேறியிருப்பானா? பிள்ளைகள் 'திடனற்றுப்போகாதபடி' அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயரில் பவுல் எழுதியது தகப்பன்மாருக்குத்தான். பெல்ட் இனி பேன்ட்டுக்கு மட்டும் இருக்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வசனம் வைத்திருக்கிறேன். தாவீதின் மகன் அதோனியா, அப்பா உயிரோடு இருக்கும்போதே தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்டான். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று தாவீது அவனை ஒருநாளும் கேட்டு வருத்தப்படுத்தியதில்லை என்கிறது 1 இராஜாக்கள் 1:6. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். அடித்தது இருக்கிறது, எழுதியது இருக்கிறது. ஏன் போகவில்லை என்று யாரும் அவனிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை. வகுப்பு அலுப்பாக இருக்கலாம், யாராவது கேலி செய்திருக்கலாம், வெறும் கிரிக்கெட் ஆசையாகவும் இருக்கலாம். பதிலைப் பொறுத்துத்தானே அடுத்து என்ன செய்வதென்று முடிவு செய்ய முடியும்?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, பிள்ளை வளர்ப்பில் தான் கடைப்பிடித்த முறைகளை 1732-இல் மகனுக்குக் கடிதமாக எழுதினார். பத்தொன்பது பிள்ளை பெற்றவர். அடிக்காதவரும் இல்லை, சின்னப் பிள்ளைகள்கூட சத்தமில்லாமல் அழப் பழகவேண்டும் என்றவர். அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டு விதிகள் அருமை. தப்பை ஒப்புக்கொண்டு திருந்துகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு அடி கிடையாது. ஒரே தப்புக்கு இரண்டாம் முறை திட்டவும் கூடாது. பொய் சொன்னால்தான் தப்பிக்கலாம் என்ற நிலை இருக்கும் வீட்டில் பிள்ளை பொய்தான் சொல்லும். அதை அந்த அம்மா புரிந்துவைத்திருந்தார்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? எட்டு வாரத்துக்கு 160 ரூபாய். அதை அவனே தன் தின்பண்டக் காசிலிருந்து சேர்த்து, தன் கையால் காணிக்கைப் பையில் போடட்டும். நீங்கள் ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அங்கேதான் உங்களுக்குக் கஷ்டம். போட்டு முடித்ததும் கணக்கும் முடிந்தது. அப்புறம் சித்தி வந்தாலும் அத்தை வந்தாலும் அந்தக் கதையை எடுக்கக் கூடாது.

குடும்ப ஜெபத்திலும் வேண்டாம். எங்கள் அப்பா திட்டவே மாட்டார், ராத்திரி ஜெபத்தில், "ஆண்டவரே, கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கின இந்தப் பிள்ளைக்கு..." என்று ஆரம்பிப்பார். என் தம்பி கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பான். ஜெபம் என்றாலே எனக்கு வயிறு கலங்கும், வெகு காலம் அப்படித்தான் இருந்தது. வேதத்தை இம்போசிஷனாக எழுதவைப்பதும் அதே வேலையைத்தான் செய்யும். இதை உங்கள் கணவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பையன் இல்லாத நேரத்தில்.

அதற்கு முன், அந்த 88 வசனத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியாததா என்ன?