அப்டேட் செய்தாலும் மெனு மாறாமல் இருக்க

வணக்கம் நண்பரே. காட்பாடி டிடிபி கடையில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் மெனுவுக்கு நீங்கள் வைத்த தமிழ்ப் பெயர்கள், அப்டேட் செய்ததும் காணாமல் போனதாக எழுதியிருந்தீர்கள். உட்கார்ந்து செய்த வேலை போனால் வயிறு எரியத்தான் செய்யும்.

'யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டரிலேயே திருத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது சிஸ்டத்துக்கு உரியது, அப்டேட் வந்தால் அதன்மேல் புதிதாக எழுதிவிடும். மெனுவில் தெரியும் பெயரை வைத்திருக்கும் அந்த டெஸ்க்டாப் கோப்பை உங்கள் ஹோம் ஃபோல்டரில் '.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' உள்ளே அதே பெயரில் நகலெடுத்துத் திருத்துங்கள். புள்ளியில் தொடங்கும் '.லோக்கல்' மறைந்திருக்கும், கன்ட்ரோல், எச் சேர்த்து அழுத்தினால் கண்ணில் படும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் உங்களுடையதுதான் செல்லும். கணினி தமிழில் இருந்தால் 'நேம்[டிஏ]' என்ற வரியையும் பாருங்கள், மெனுவில் தெரிவது அதுதான்.

அப்புறம், ஆற்காட்டில் என் தங்கை கணினியில் ஒரு ஐகான் திடீரென்று திறக்கவில்லை. நகலில், எந்த நிரலைத் திறப்பது என்று சொல்லும் 'எக்ஸெக்' வரி பழையதாகவே இருந்தது. பெரிய அப்டேட் முடிந்ததும் அதைச் சிஸ்டத்தின் கோப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.