அங்கோர் கோயில்களுக்குக் குழுவாகப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைச் சிறு குழுவாகச் சென்று பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

'ஸ்மால் குரூப் டூர், வியட்நாம் – கம்போடியா, 6 நாள்' என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். நானும் கணவரும் போக ஆசைப்படுகிறோம். அட்வான்ஸ் கட்டுமுன் என்னென்ன கேட்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

முதலில் தலைக்கணக்கு. 'ஸ்மால் குரூப்' என்றால் இத்தனை பேர் என்று எந்த வரையறையும் கிடையாது. 8 பேரையும் அப்படித்தான் சொல்வார்கள், 30 பேரையும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கோரில் இந்த எண்ணிக்கை மிக முக்கியம். அங்கோர் வாட்டில் புடைப்புச் சிற்பங்கள் இருப்பது அகலம் குறைந்த நீண்ட கூடங்களில். எதிர்ப்பக்கம் தூண் வரிசை, நடுவில் மற்ற குழுக்களின் போக்குவரத்து. வழிகாட்டி விரலால் காட்டும் உருவத்தை 10, 12 பேர் வரை பார்க்க முடியும். அதற்கு மேல் போனால் பின்வரிசைக்கு முன்னால் நிற்பவர்களின் தலைதான் தெரியும். குழு பெரியது என்றால், வழிகாட்டியின் குரலைக் காதில் கேட்க வைக்கும் ஹெட்செட் தருவார்களா என்றாவது கேளுங்கள்.

'அதிகபட்சம் எத்தனை பேர்' என்பதோடு 'குறைந்தபட்சம் எத்தனை பேர் சேராவிட்டால் டூர் ரத்து' என்பதையும் கேளுங்கள். ஆள் சேராதபோது உங்களை அங்கே இறங்கியதும் வேறொரு பெரிய குழுவோடு சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. அப்படிச் சேர்ப்பார்களா, ரத்து செய்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

அடுத்தது நேரம். 6 நாளில் இரண்டு நாடு என்றால் போக, வர, நடுவில் நாடு மாற என மூன்று விமானப் பயணங்கள். ஒவ்வொன்றும் அரை நாளையாவது விழுங்கும். அங்கோரை ஒட்டிய ஊரான சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் (2023 அக்டோபரில் திறந்தது) ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள். கடைசியில் அங்கோருக்கு ஒரே பகல்தான் மிஞ்சும். கோயில் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்த டூர் வேண்டாம். கம்போடியா மட்டும், சியம் ரீப்பில் குறைந்தது மூன்று முழு நாள் உள்ள திட்டமாகத் தேடுங்கள்.

பயண நிரலில் 'ஷாப்பிங்', 'பட்டுத் தொழிற்கூடம்', 'ரத்தினக்கல் காட்சியகம்' என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பல டூர்களில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே இந்தக் கடைகளில் கிடைக்கும் கமிஷன்தான். அங்கே போகும் இரண்டு மணி நேரம் ஒரு கோயிலின் நேரம்.

எங்கள் ஏஜென்ட் 'நுழைவுச் சீட்டு சேர்த்துத்தான் விலை' என்கிறார். எந்தச் சீட்டு? முதல் நாளே சூரிய உதயம் பார்க்க முடியுமா?
– வாசகர், மதுரை

அங்கோரில் கோயிலுக்கு ஒரு சீட்டு என்று கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாஸ். 2017 முதல் ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் பாஸ் 62, ஏழு நாள் பாஸ் 72. மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 10 நாளுக்குள் ஏதாவது மூன்று நாள். ஏழு நாள் பாஸுக்கு ஒரு மாதம் அவகாசம். 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

ஏஜென்டிடம் 'எத்தனை நாள் பாஸ்' என்று கேளுங்கள். 'சேர்த்துத்தான்' என்று சொல்லி ஒரு நாள் பாஸ் கொடுப்பவர்களே அதிகம். ஒரு நாளுக்கும் மூன்று நாளுக்கும் வித்தியாசம் 25 டாலர்தான்.

பாஸில் உங்கள் புகைப்படம் இருக்கும். சீட்டகத்தில் நேரில் நின்று எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது இணையத்தில் வாங்கும்போது படத்தை ஏற்ற வேண்டும். சூரிய உதயம் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சீட்டகம் திறப்பது அதிகாலை 5 மணிக்கு, அங்கோர் வாட் திறப்பதும் 5 மணிக்கு. அன்று காலைதான் பாஸ் வாங்குவோம் என்று ஒரு குழு வரிசையில் நின்றால், அவர்கள் அங்கோர் வாட்டில் உதயம் பார்க்கும் குளக்கரைக்கு வந்து சேருமுன் விடிந்துவிடும். முதல் நாள் மாலை 5 மணியை ஒட்டி வாங்கினால் பாஸ் மறுநாள் தேதியில் கிடைக்கும். அன்றைய அந்திப்பொழுதுக்கும் அதே பாஸில் உள்ளே விடுவார்கள். வழிகாட்டி முதல் நாள் மாலையே சீட்டகத்துக்கு அழைத்துப் போகிறாரா என்று நிரலில் பாருங்கள்.

அங்கோர் வாட்டில் எதை எந்த வரிசையில் பார்ப்பது? வழிகாட்டி வேகமாக இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

நியாயமான பயம். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. நம் ஊர்க் கோயிலில் வலம் வரும் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் கதை தலைகீழாகிவிடும். இங்கே சிற்பத் தொடரை வலத்துக்கு எதிர்த்திசையில் சுற்றித்தான் பார்க்க வேண்டும். மேற்கு வாசலில் நுழைந்ததும் வலக்கைப் பக்கம் திரும்புங்கள். முதலில் குருக்ஷேத்திரப் போர். அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடக்கிறார். மூலை திரும்பினால் தெற்குக் கூடத்தில் சூரியவர்மனின் படை ஊர்வலம். அதை அடுத்துச் சொர்க்கமும் நரகமும். யமனையும் சித்திரகுப்தனையும் நம்மவர்கள் யாரும் சொல்லாமலே கண்டுகொள்வார்கள்.

பிறகு கிழக்குக் கூடம். அங்கேதான் பாற்கடல் கடைதல், ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி. ஒருபக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவே திருமால். வாசுகியின் உடலுக்குக் கீழே கடல் வரைந்த இடத்தில் குனிந்து பாருங்கள். மத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். தள்ளிப் போகப் போக முழு உடலோடு நீந்தும். கடலின் சுழற்சியைச் சிற்பி அப்படிக் காட்டியிருக்கிறான். வேகமாகப் போகும் குழு கோட்டைவிடுவது இதைத்தான்.

இந்தக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாலே 800 மீட்டர் நடை. சிற்பங்களுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம், கோயிலுக்கு மொத்தம் மூன்று மணி நேரம் என்று குழுவாகச் சேர்ந்து முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். கோயிலுக்குள் விளக்கம் சொல்ல அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். இங்கிருந்து கூட வரும் டூர் மேனேஜர் அங்கே வழிகாட்டி ஆக முடியாது. உள்ளூர் வழிகாட்டியின் ஆங்கிலத்தை அவர் தமிழில் சொல்லும்போது ஒவ்வொரு விளக்கத்துக்கும் இரட்டை நேரம் பிடிக்கும். அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பண்டேய் ஸ்ரேய் கோயிலில் காரைக்கால் அம்மையார் இருப்பது உண்மையா? எங்கள் நிரலில் அந்தக் கோயிலே இல்லை.
– வாசகி, காரைக்கால்

உண்மை. உள் வளாகத்தின் கிழக்கு வாசல் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக, முலை வற்றித் தொங்க ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்றே அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். இந்தக் கோயில் கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்டது. கட்டியவன் அரசனும் அல்ல. யக்ஞவராகன் என்ற அரச குரு. ஆடும் சிவனின் காலடியில் அம்மையார் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பம் அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது. கடல் தாண்டிய ஒரு நாட்டில், அதற்கும் முந்தி, நம் அம்மையார் ஆடும் சிவனின் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். இதைப் பார்க்காமல் ஒரு தமிழ்க் குழு திரும்புவது பெரிய இழப்பு.

நிரலில் இல்லாததற்குக் காரணம் தூரம். சியம் ரீப்பிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர், வேனில் ஒரு மணி நேரம். ஒரு நாள் திட்டத்தில் அது அடங்காது. தனியாகக் கூடுதல் பணம் கேட்டாலும் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். பாஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. வேனுக்கும் வழிகாட்டிக்கும்தான் செலவு. மாலையில் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள், கோயிலும் கிழக்கு பார்த்தது. ஆகவே காலை 8 மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. அந்த நேரத்து வெயிலில் இளஞ்சிவப்பு மணற்கல் ஒளிர்வதைப் பார்க்கலாம்.

இங்கே எல்லாமே சிறியது. கருவறை வாசல் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. நடுப்பகுதியைக் கயிறு கட்டித் தடுத்திருப்பதால் கிட்டே போக முடியாது. ஒரு சிறிய பைனாகுலர் எடுத்துப் போங்கள். தெற்கு நூலகத்தின் முகப்பில் ராவணன் கைலாயத்தைத் தூக்குவதையும் விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. நாங்கள் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

முழங்காலுக்கு முதல் யோசனை: அங்கோர் வாட்டுக்கு மேற்கு வாசலில் இறங்காமல் கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மேற்கே அகழியைக் கடந்து, பிறகு நீண்ட கல்பாதை, தலைக்கு மேல் வெயில். கிழக்கே மண்பாதை, மரநிழல், கூட்டமும் குறைவு. பாற்கடல் சிற்பமும் அந்தப் பக்கமே இருக்கிறது. உச்சித் தளத்துக்கு ஏறும் படி மிகவும் செங்குத்து. அம்மா கீழேயே உட்காரட்டும். ஏறுகிறவர்கள் தோளும் முழங்காலும் மூடிய உடை போட வேண்டும். தோளில் போர்த்திய துப்பட்டாவை ஏற்பதில்லை. கை வைத்த சட்டையே வேண்டும். பௌத்தப் புனித நாள்களில் அந்தத் தளம் மூடியிருக்கும். தேதியை முன்பே விசாரியுங்கள். அங்கோரின் மற்ற கோயில்களான பாயோனிலும் தா புரோமிலும் தரை மேடுபள்ளம், வேர்களும் சரிந்த கற்களும். ரப்பர் அடி போட்ட ஷூ, ஒரு கைத்தடி. ஏப்ரலில் மட்டும் கூட்டிப் போகாதீர்கள், வெயில் தாங்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. 11 மணியிலிருந்து 3 மணி வரை ஓட்டலில் ஓய்வு இருக்கும் நிரலாகப் பாருங்கள்.

சாப்பாட்டில் 'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதாது. இறைச்சித் துண்டு இருக்காது. ஆனால் காய்கறிப் பொரியலில் மீன் சாஸ் விழுந்திருக்கும். அவர்கள் அதை மீனாகவே கணக்கில் எடுப்பதில்லை. மீன் சாஸ் (தெக் த்ரெய்), புளித்த மீன் விழுது (பிரஹோக்), இறால் விழுது (கப்பி), முட்டை எதுவும் வேண்டாம் என்று வழிகாட்டியை அந்நாட்டுக் கெமர் மொழியில் ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த அட்டையைச் சமையற்கட்டுக்கே அனுப்புங்கள். உதயம் பார்க்கும் நாளில் ஓட்டல் தரும் காலைப் பொட்டலத்தில் ஹாம் சாண்ட்விச் வரும். முந்தின இரவே சொல்லிவிட வேண்டும்.

விசா, பணம் விஷயத்தில் எங்கே தவறு நடக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

விசா இணையத்திலும் எடுக்கலாம், இறங்கியும் எடுக்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி இரண்டு மடங்கு வாங்கும் தளங்கள் முன்னால் வரும். முகவரி 'கவ் டாட் கேஎச்' (gov.kh) என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கார்டு எண்ணைக் கொடுங்கள். வருகைப் படிவத்தையும் இப்போது பயணத்துக்கு முந்தின ஏழு நாளுக்குள் இணையத்திலேயே நிரப்ப வேண்டும்.

டாலர் எங்கும் செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை வாங்கவே மாட்டார்கள். மாற்றும்போதே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். 1, 5 டாலர் நோட்டுகளாக நிறைய வேண்டும். ஒரு டாலருக்குக் கீழ் சில்லறையைக் கம்போடிய நாணயமான ரியெலில் தருவார்கள். டாலருக்குச் சுமார் 4,000. டூர் கட்டணத்தோடு இங்கே பிடிக்கும் டிசிஎஸ் (பணம் கட்டும்போதே வசூலிக்கும் வரி) வருமான வரிக் கணக்கில் சேரும்; ரசீதில் உங்கள் பான் எண் சரியாக இருக்கட்டும்.

எங்கள் நிரலில் பிரேயா விஹார் மலைக்கோயிலும், தாய்லாந்திலிருந்து பஸ்ஸில் எல்லை கடப்பதும் இருக்கிறது. போகலாமா?
– வாசகர், சேலம்

இப்போதைக்கு வேண்டாம். பிரேயா விஹார் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. கோயில் கம்போடியாவுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்புச் சொல்லியும் சச்சரவு ஓயவில்லை. 2025 ஜூலையில் இரு நாட்டுப் படைகளும் அந்த எல்லையில் மோதின. போர் காரணமான இழப்பைப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. விமானத்தில் நேராகச் சியம் ரீப்பில் இறங்கும் திட்டமாக மாற்றச் சொல்லுங்கள். மிஞ்சும் நாளைப் பண்டேய் ஸ்ரேய்க்குக் கேளுங்கள்.