வெண்மையாக்கிய பல்லில் அடைப்பு: இரண்டு வாரம் ஏன்?

கேள்வி: மகளின் திருமணத்திற்கு இன்னும் ஆறு வாரங்களே உள்ளன. பல் மருத்துவர் அளவெடுத்துக் கொடுத்த உறையில் ஜெல் இட்டு, பதினான்கு இரவுகள் அணிந்து பற்களை வெண்மையாக்கிக்கொண்டேன், நேற்றோடு முடிந்தது. இப்போது முன்பல்லின் பழைய அடைப்பு மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரிகிறது. அதை உடனே மாற்றித் தரும்படி கேட்டால், இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். வீணாக இழுத்தடிக்கிறாரா?
- வாசகி, ஈசூன்

பதில்: இல்லை. அவர் சொன்னதே முறை.

வீட்டில் பயன்படுத்தும் ஜெல்லில் பெரும்பாலும் இருப்பது கார்பமைடு பெராக்சைடு. அதன் அளவு 10 விழுக்காடு என்றால், ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு அதிலிருந்து வெளிப்படும். அது பல்லின் கடினமான மேற்பகுதியான எனாமலின் நுண்துளைகள் வழியே இறங்கிக் கறையைச் சிதைக்கிறது. ஆனால் ஜெல்லைக் கழுவிய பிறகும், பிரிந்த ஆக்சிஜன் எனாமலிலும் அதற்கு அடியிலுள்ள டென்டினிலும் சில நாள்கள் தங்கிவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

பல்நிற அடைப்பு வைக்கும்போது மருத்துவர் முதலில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்குவார். அந்தக் குழிகளுக்குள் கசியும் திரவ ரெசின் (பிசின் போன்ற ஒட்டுப்பொருள்), நீல ஒளி பட்டதும் இறுகிச் சிறு வேர்களைப் போலப் பிடித்துக்கொள்ளும். இந்த இறுகலுக்கு ஆக்சிஜன் பகை. ஒளி காட்டிய பின்னும் அடைப்பின் மேல்புறம் பிசுபிசுப்பாக இருப்பதற்குக் காரணம் அதன்மேல் படும் காற்றுதான். அந்தப் படலத்தை மருத்துவர் மெருகிடும்போது நீக்கிவிடலாம். அதே ஆக்சிஜன் பல்லுக்குள்ளிருந்து, ஒட்டும் இடத்திலேயே வந்தால் துடைக்க வழியில்லை. வேர்கள் குட்டையாகவும் அரைகுறையாகவும் நின்றுவிட, அடைப்பின் ஓரம் கசிந்து கறை படியும். பிடிப்பு மிகத் தளர்ந்தால் அடைப்பே பெயர்ந்துவிடும்.

சோடியம் அஸ்கார்பேட் என்னும் வைட்டமின் சி உப்பைப் பூசி, குறைந்த பிடிமானத்தை ஓரளவு மீட்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது. வீட்டில் எலுமிச்சைச் சாற்றால் வாய் கொப்பளிக்க முயல வேண்டாம், அதன் புளிப்பு எனாமலையே அரிக்கும்.

நிறத்திற்காகவும் பொறுத்திருக்க வேண்டும். வெண்மையாக்கியவுடன் பல் காட்டும் வெளுப்பு அடுத்த சில நாள்களில் சற்றுத் தணிந்தே நிலைபெறும். இன்றைய நிறத்திற்குப் பொருத்தி அடைத்தால், மணமேடையில் அந்த ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட வெளுத்துத் தெரியும். அடைப்பிலுள்ள ரெசினோ பெராக்சைடுக்கு நிறம் மாறாது, பழைய அடைப்பு மஞ்சளாகவே நின்றதிலிருந்து அதை நீங்களே கண்டிருப்பீர்கள். ஆகவே முதலில் வெண்மையாக்கல், பிறகு அடைப்பு என்ற வரிசையில் தவறில்லை. பல்லில் வலியோ திறந்த சொத்தையோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் தற்காலிக அடைப்பு கேளுங்கள்.

இரண்டு வாரம் போனாலும் நான்கு வாரம் கையில் இருக்கும். மருத்துவரிடம் மூன்றாவது வாரத்தில் நேரம் வாங்குங்கள். அதுவரை கோப்பியையும் மஞ்சள் தூக்கலான குழம்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.