ஓநாய் திருப்பிய ஆறு: காடு பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டொரொண்டோவில் இருக்கும் என் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்கக் காடொன்றில் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்களாம். மான் குறைந்து, மரம் வளர்ந்து, ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டதாம். நம்பலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பாதியை நம்புங்கள், ஐயா. அந்த ஓநாய்களும் கனடாவிலிருந்து போனவைதான் என்று மகனுக்குச் சொல்லுங்கள்.

யெலோஸ்டோன் பூங்காவில் 1920களிலேயே ஓநாயை ஒழித்துக்கட்டிவிட்டார்கள். எல்க் என்ற பெரிய மான், நம் மரையைவிடப் பருத்தது, கேட்பாரில்லாமல் பெருகியது. ஆஸ்பென், வில்லோ மரங்களின் குருத்தை வளர வளரக் கடித்தது. 1995இலும் 1996இலும் 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வடபகுதியில் ஏறத்தாழ 19,000 ஆக இருந்த எல்க் 2013இல் 4,000க்கும் கீழே வந்தது. முழுப் புகழையும் ஓநாய்க்குக் கொடுப்பது அநியாயம். கரடியும் பூமாவும் பெருகியிருந்தன. பூங்காவுக்கு வெளியே மனிதரும் சுட்டார்கள்.

ஆற்றின் கதைதான் சிக்கலானது. பீவர் என்ற கொறிவிலங்கு வில்லோக் கிளைகளால் ஓடைக்கு அணை கட்டும். வில்லோ போனதும் பீவர் போனது, அணை போனது. ஓடை தன் படுக்கையை ஆழமாக அறுத்துக்கொண்டது. நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. கட்டு உடைந்த குளத்தின் கீழே கிணறுகள் வற்றுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பிறகு எல்க் குறைந்தும் பல ஓடைக்கரைகளில் வில்லோ குட்டையாகவே நின்றது, வேருக்கு நீர் எட்டவில்லை. 2001இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த ஒரு பரிசோதனையில், மான் புகாமல் வேலியடைத்து, ஓடைக்குச் செயற்கை அணையும் கட்டிய இடத்தில்தான் அது ஓங்கி வளர்ந்தது. வேட்டை விலங்கை ஒழிக்கச் சில ஆண்டுகள் போதும். திரும்பக் கொண்டுவந்தாலும் காடு பழைய நிலைக்கு வந்துவிடும் என்று எவரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. வீடியோக்காரர் இதைச் சொல்வதில்லை. சொன்னால் யார் பகிர்வார்கள்?

கேள்வி: நம் காட்டிலும் ஓநாயை விட்டால் பன்றித் தொல்லை தீருமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம் தம்பி. நமக்குச் சிறுத்தை இருக்கிறது. புலியோ ஓநாயோ இல்லாத இந்தத் தீவில் மானையும் மரையையும் பன்றியையும் அடிக்கும் பெரிய விலங்கு அதுதான். அதை நாம் நடத்தும் விதத்தை 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பார்த்தோம். ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையைச் சூழ்ந்து அடித்துக் கொன்று, படமும் எடுத்தார்கள். காயப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. படம் எடுத்ததுதான் புரியவில்லை.

நாயோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ரோயல் என்றொரு தீவு. 1980இல் அங்கே 50 ஓநாய்கள். யாரோ கூட்டிவந்த நாயிடமிருந்து தொற்றியதாகக் கருதப்படும் பார்வோ வைரஸால் இரண்டே ஆண்டில் 14 ஆயின. அதன்பின் மூஸ் என்ற மிகப் பெரிய மான் பெருக, அது மாரியில் தின்னும் பால்சம் ஃபிர் மரக்கன்றுகள் தலைதூக்க முடியாமல் போயின. ஒரு நாயின் வியாதி மரக்கன்று வரை போயிருக்கிறது.

கேள்வி: காலபோகத்தில் வயல் விதைத்ததும் பட்டி மாடுகளைக் காட்டுக்குள்தான் சாய்க்கிறார்கள். இளங்கன்றுகளைத் தின்பது மாடா, மானா? மாணவருக்கு எப்படிக் காட்டலாம்?
– ஆசிரியை, நெடுங்கேணி

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. கடிபட்ட நுனியைப் பாருங்கள். மாட்டுக்கும் மானுக்கும் மேல்வாயில் முன்பல் இல்லை. இழுத்துப் பிய்ப்பதால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கத்தியால் சீவியதுபோலச் சரிவாக வெட்டும். மாடா மானா என்பதைக் கடியில் பிரிப்பது கடினம். அடியில் கிடக்கும் குளம்படியும் சாணமும் புழுக்கையும் சொல்லும்.

மாரிக்கு முன், காட்டு அதிகாரியிடம் அனுமதி பெற்று, ஓரத்தில் ஒரே அளவில் இரண்டு துண்டு நிலத்தைக் குறியுங்கள். ஒன்றை அலம்பல் வேலியால் அடையுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். பாலை, வீரை, முதிரைக் கன்றுகளை இனம் பிரித்து எண்ணி எழுதுங்கள். அடுத்த மாரிக்கும் எண்ணுங்கள். ஒரே ஆண்டில் முடிவெடுக்காதீர்கள், மழை பொய்த்த ஆண்டு எல்லாவற்றையும் குழப்பிவிடும். பட்டிக்காரரையும் அழைத்துப் போங்கள். எந்த மாடு எதைத் தின்னும் என்பதில் அவர்தான் ஆசிரியர். பாலை பழுக்கும் காலத்தில் மட்டும் பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போகவேண்டாம், கரடி வரும்.