ஒரே தடத்தில் இரண்டு எறும்புகள்

அன்புள்ள ஐயா,

ஒரே புல்வெளியில் வாழும் இரண்டு மிர்மிகா எறும்பினங்களின் சுரப்பிகளை ஒப்பிட்ட ஆய்வொன்றைப் படித்தேன். மற்ற எறும்புகள் பின்தொடரும் மணத் தடம் போட இரண்டும் ஒரே வேதிப்பொருளைத்தான் பயன்படுத்துகின்றனவாம். ஒன்றின் தடத்தில் மற்றது போய்விடாதா? கொடுக்கருகே உள்ள டூஃபூர் சுரப்பியின் குரோமட்டோகிராம்கள், அதாவது கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து முகடுகளாகக் காட்டும் வரைபடங்கள்தான் வேறுபடுகின்றன. அதில் பெரிய முகடாகத் தெரியும் பொருள்தான் முக்கியமானதா? இதற்குத் தமிழில் நூல் உண்டா?

கதிர்

அன்புள்ள கதிர்,

நூல் விஷயத்தை இப்போதைக்கு விடுங்கள்.

போகும். மிர்மிகா இனங்கள் பலவற்றின் நச்சுச் சுரப்பியிலும் தடப்பொருள் ஒன்றேதான்: 3-எத்தில்-2,5-டைமெத்தில்பைரசீன். அதனால் ஒன்றின் தடத்தில் மற்றொன்று நடக்கும். அமேசான் காட்டில் கம்போனோடஸ் ஃபெமொராட்டஸ், கிரிமட்டோகாஸ்டர் லெவியர் என்ற வேறு இரண்டு எறும்பினங்கள் ஒரே கூட்டில் குடியிருந்து தடத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. மிர்மிகாவில் 'இது எங்கள் நிலம்' என்று சொல்வது டூஃபூர் சுரப்பி. அதிலுள்ள ஹைட்ரோகார்பன்களின் கலவை இனத்துக்கு இனம் மாறும்.

ஆனால் அந்த முகடு! இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன். முகட்டின் உயரம் பொருளின் அளவைச் சொல்லும், அவ்வளவுதான். அது எறும்புக்கு என்னவென்று கருவிக்கு எப்படித் தெரியும்? இலைவெட்டி எறும்பான அட்டா டெக்சானாவின் தடப்பொருளை 1971இல் கண்டறிந்தார்கள். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவு இருந்தால் பூமியையே சுற்றித் தடம் போட்டுவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் வரைபடத்தில் அப்படிப்பட்ட பொருள் அடிக்கோட்டோடு ஒட்டிக்கிடக்கும். நீங்களோ பெரிய முகட்டைப் பார்த்துக்கொண்டு அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

என் ஆசிரியர் வரைபடத்தை முதலில் பார்க்கவே மாட்டார். காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதன்மேல் சுரப்பிச் சாற்றை இழுத்து, எறும்பை விடுவார். அது கோட்டை விட்டு விலகாமல் எவ்வளவு தூரம் வளைந்து நடக்கிறது என்று குனிந்தபடி எண்ணுவார். பிறகு வெறும் கரைப்பான் தடவிய வட்டம். பிறகு மற்ற இனத்தின் சாறு. முதுகு வலித்தாலும் நிமிரமாட்டார். அந்தக் குனிந்த முதுகை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ந்துவிடுகிறது. ஒப்பிடுவது என்றால் அதுதான் கதிர். இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அதில் பாதி வேலைகூட இல்லை.

உங்களுக்கு ஆர்வம் இருக்கிறது, கேள்வியிலேயே தெரிகிறது. அந்த ஆய்வை மறுபடி எடுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எறும்பின் முன் வைத்துப் பார்த்தார்களா, இரண்டு இனங்களிடமும் வைத்தார்களா என்று தேடுங்கள். கிடைத்ததை எனக்கு எழுதுங்கள்.