விங்சூட்டில் தரையிலிருந்து கிளம்பித் தரையிலேயே இறங்க முடியுமா?

விங்சூட் என்பது கை கால்களுக்கு நடுவே இறக்கைபோல் துணி விரியும் உடை; உயரத்திலிருந்து குதித்துப் பறக்க அதைப் போட்டுக்கொள்வோம். அதைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைத்தான் சுற்றி வருகின்றன. பல வருடங்களாக இந்த உடையை மாட்டிக்கொண்டு குதிக்கிறவன், புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கும் விடாமல் ஆர்வம் தரும் கேள்வி இது.

கே: விங்சூட் போட்டுக்கொண்டு சமதரையில் வேகமாக ஓடினால் மேலே எழும்ப முடியாதா?

முடியாது. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். உடை, பாராசூட் பை எல்லாம் சேர்த்து ஒருவர் 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கை கால்களுக்கு நடுவே விரியும் துணியும் உடம்புமாக மொத்தப் பரப்பு 1.8 சதுர மீட்டர். இவ்வளவு சிறிய இறக்கை 90 கிலோவைத் தாங்க வேண்டுமென்றால், ஏறக்குறைய மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று அதன்மேல் பாய வேண்டும். உசைன் போல்ட்டின் உச்ச வேகமே 44 கி.மீ.தான். இரண்டு கால்களையும் ஒரே துணி பிணைத்திருப்பதால் விங்சூட்டில் நடப்பதே தத்தக்கா பித்தக்காதான். பாராகிளைடரின் இறக்கை 25 சதுர மீட்டர் அளவில் இருப்பதால்தான் அதில் நாலு எட்டு ஓடினாலே தரை விலகிவிடுகிறது.

கே: மலை உச்சியிலிருந்து குதிப்பவர்கள் கிளம்பத்தானே செய்கிறார்கள்?

அவர்கள் முதலில் விழுகிறார்கள், பிறகுதான் பறக்கிறார்கள். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மூன்று வினாடி விழுந்தால் வேகம் 100 கி.மீ.யைத் தொடும், அதற்குள் 44 மீட்டர் உயரம் போயிருக்கும். உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம், அவ்வளவுதான். உடைக்குள் காற்று நிறைந்து துணி விறைப்பாகும் வரை கைக்கு எதுவும் பிடிபடாது. அந்த முதல் வினாடிகளின் அமைதி வேறு எதிலும் கிடைக்காது. பிறகு மெல்ல மெல்லக் கையின் கீழ் காற்று கெட்டிப்படும்.

கே: இன்ஜின் வைத்தால்?

இங்கே கதவு கொஞ்சம் திறக்கிறது. மேலே சொன்ன 90 கிலோ மனிதர் உயரம் இழக்காமல் மட்டமாகப் பறக்க 12 கிலோவாட் அளவுக்காவது திறன் வேண்டும். நன்றாகப் பழகிய சைக்கிள் வீரர் நீண்ட நேரம் தரக்கூடியது அரை கிலோவாட்டுக்கும் குறைவு. ஃபின்லாந்தின் விசா பர்வியாய்னன் 2005-இல் காலில் சிறிய ஜெட் இன்ஜின்களைக் கட்டிக்கொண்டு மட்டமாகப் பறந்தார். 2020-இல் ஆஸ்திரியாவின் பீட்டர் சால்ஸ்மன் 15 கிலோவாட் மின்மோட்டார்களை மார்பில் பொருத்தி 300 கி.மீ. வேகத்தை எட்டினார். இரண்டு பேருமே வானத்திலிருந்து குதித்துத்தான் தொடங்கினார்கள்.

அதே 2020-இல் துபாயில் வின்ஸ் ரெஃபே தரையிலிருந்தே எழும்பி 1,800 மீட்டர் உயரம் போனார். ஆனால் அவர் முதுகில் இருந்தது விறைப்பான இறக்கையும் ஜெட் இன்ஜின்களும். துணி விங்சூட் அல்ல. இறங்கியதும் பாராசூட்டில்தான்.

கே: பாராசூட் விரிக்காமல் யாராவது இறங்கியிருக்கிறார்களா?

இறங்கியிருக்கிறார். 2012 மே 23 அன்று இங்கிலாந்தில், ஹென்லி அருகே, கேரி கானரி சுமார் 730 மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்து, 18,600 அட்டைப்பெட்டிகளை அடுக்கிய மேடைக்குள் நேராகப் போய் விழுந்தார். எழுந்து நடந்தும் வந்தார்.

அட்டைப்பெட்டி ஏன்? 100 கி.மீ. வேகத்தில் வரும் உடம்பு அரை மீட்டருக்குள் நின்றால், அதன்மேல் புவியீர்ப்பைப்போல் 80 மடங்கு விசை விழும். பிழைப்பது கடினம். அதே வேகத்தைப் பத்து மீட்டரில் சீராகக் குறைத்தால் 4 மடங்குதான். போர் விமானிகள் சர்வசாதாரணமாகத் தாங்குவது. ஒவ்வொரு பெட்டியும் நசுங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைத் தின்கிறது. ஆகவே, தரையைத் தொடுகிற வேகத்தைவிட நிற்பதற்குக் கிடைக்கும் தூரம்தான் இங்கே முக்கியம்.

அதற்காக அவர் செய்ததை எளிதென்று நினைக்காதீர்கள். மேலிருந்து பார்க்கும்போது அந்த மேடை ஒரு சின்னக் கோடு. ஒரே ஒரு வாய்ப்பு. தயவுசெய்து இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

கே: பறவை கடைசி நொடியில் இறக்கையைத் தூக்கி வேகத்தைக் கொல்கிறதே, நாம் செய்ய முடியாதா?

பாதி முடியும். அதை ஃபிளேர் என்போம். வேகமாகப் பாய்ந்து வந்து மார்பை நிமிர்த்தினால் உடை சில நொடி மேலே ஏறவே செய்யும். எத்தனை முறை செய்தாலும் அந்தச் சுகம் குறையாது. ஆனால் 180 கி.மீ.யிலிருந்து 100-க்கு வந்ததும் இறக்கையால் உடம்பைத் தாங்க முடியாமல் போய், கீழே நழுவ ஆரம்பிக்கும். பறவை அந்த இடத்தில் வாலை விரிக்கிறது, இறக்கையை முன்னால் அடிக்கிறது. நம் கையில் அந்தச் சதை இல்லை. துணியைப் பெரிதாக்கினாலும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியது தோள்தான். தோளுக்குப் பதில் கம்பி வைத்தால் அது ஹேங் கிளைடர் ஆகிவிடும்.

கே: தண்ணீரில்?

அந்த வேகத்தில் தண்ணீரும் கல்தான். தப்பித் தவறிப் பிழைத்தாலும், கை கால் கட்டுண்ட நிலையில் நீந்த வேண்டியிருக்கும்.

கே: பாராசூட் இல்லாமல் வழக்கமாகவே இறங்கும் நாள் வரும் என்று நம்புகிறீர்களா? எந்த வழியில்?

பனிச்சரிவு. விங்சூட் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டரை மீட்டர் முன்னேறினால், பாதை சுமார் 22 டிகிரி சரிவு. மலையும் அதே சரிவில் இருந்தால் மோதலே இல்லை, உரசல்தான். காலில் பனிச்சறுக்குப் பலகை மாட்டித் தாவிப் பறக்கும் ஸ்கீ ஜம்பிங்கின் ரகசியமும் இதுவே: 2017-இல் நார்வேயின் விக்கர்சுண்டில் ஸ்டீஃபன் கிராஃப்ட் 253.5 மீட்டர் பறந்து காலில் இறங்கினார். அவர் காலில் நிற்கிறார், நாமோ தலை முன்னால் குப்புற வருகிறோம். அந்த நிலையில் 100 கி.மீ.யில் வழுக்கும்போது ஒரு மேடு குறுக்கிட்டால் போதும், கழுத்து போய்விடும். மார்புக்குக் கீழே வழுக்குப் பலகை மாதிரி ஏதாவது வேண்டும். சரியான சரிவும் ஆளும் அமைந்தால் நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கே: நான் இதுவரை குதித்ததே இல்லை. நேராக விங்சூட்டில் தொடங்கலாமா?

வேண்டாம். அமெரிக்க பாராசூட் சங்கம் குறைந்தது 200 ஸ்கைடைவிங் குதிப்புகள் முடித்த பிறகே முதல் விங்சூட்டை அனுமதிக்கிறது. பாராசூட்டை விரிக்கும் கட்டத்தை யோசித்தால் காரணம் புரியும். இரண்டு கைகளையும் ஒரே சீராகப் பின்னால் கொண்டுபோய் இடுப்பருகே இருக்கும் பிடியை இழுக்க வேண்டும். ஒரு கை முந்தினால் உடம்பு சுழன்று, பாராசூட் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். முறுக்கை எடுக்கக் கை மேலே போக வேண்டும். முதலில் கையின் ஜிப்பைக் கழற்ற வேண்டும். அதற்குள் தரை நெருங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பாராசூட்டைப் பற்றி யோசிக்காமலே கை தானாக வேலை செய்ய வேண்டும். அது 200 குதிப்பில்தான் வரும்.